ஆவ் நாங்கில் நான்கு இரவுகள்: முதுகுப்பையோடு கிளம்பும் இருவருக்கு முழுமையான வழிகாட்டி

தாய்லாந்தின் கிராபி மாகாணத்தில், அந்தமான் கடலோரத்தில் இருக்கும் சிறிய ஊர் ஆவ் நாங். சுண்ணாம்புப் பாறைத் தீவுகளுக்கும் ரைலே கடற்கரைக்கும் படகு ஏறுவது இங்கிருந்துதான். தென்கிழக்கு ஆசியாவைச் சுற்றும் பல ஜோடிகள் இங்கே மூன்று நான்கு நாள் தங்கிவிட்டுத்தான் அடுத்த ஊருக்குப் போகிறார்கள்.

புதிதாக வருகிறவர்கள் இங்கே பணத்தில் தடுமாறுவதை விட வரிசையில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். முதலில் சலுகை விலை டிக்கெட், அப்புறம் ரூம், வந்து இறங்கிய பிறகு படகு என்று போகிறார்கள். இந்த ஊரில் அது தலைகீழ் வரிசை. கடல் எப்போது இடம் கொடுக்கும் என்பதை முதலில் பாருங்கள். மற்றதை அதற்குப் பொருத்துங்கள். கீழே உள்ள படிகளும் அதே வரிசையில்தான் இருக்கின்றன.

விலைகளைத் தாய் பாட்டில் கொடுத்திருக்கிறோம். சீசனுக்குச் சீசன் கொஞ்சம் ஏறி இறங்கும். ஒரு பாட்டை மூன்று இந்திய ரூபாயாக வைத்துக் கணக்குப் போட்டால் கையைக் கடிக்காது.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் வரை காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. தாய்லாந்தின் நிலப்பரப்பே குறுக்கே நின்று தடுப்பதால் அந்தமான் கரை அமைதியாக இருக்கும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இந்தக் கரையை நேருக்கு நேர் அடிக்கும். கரையில் சிவப்புக் கொடி ஏறும், சிறிய படகுகள் நிற்கும், முன்பணம் கட்டிய டூர் அன்று காலையில் ரத்தாகும்.

ரூம் பாதி விலையில் கிடைக்கிறது என்பதற்காக செப்டம்பரில் வராதீர்கள். செப்டம்பரும் அக்டோபரும்தான் இங்கே மழை கொட்டும் மாதங்கள். விடுமுறை ஜூலை, ஆகஸ்டில்தான் கிடைக்கும் என்றால் இந்தக் கரையை விட்டுவிட்டு எதிர்ப்பக்கக் கடலிலுள்ள கோ சமுய், கோ தாவ் தீவுகளுக்குப் போங்கள். அந்தப் பக்கம் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். பீ பீ தீவின் மாயா விரிகுடாவையும் ஆகஸ்ட், செப்டம்பரில் வருடா வருடம் மூடிவிடுகிறார்கள்.

டிசம்பர் 20 முதல் ஜனவரி 10 வரை ரூம் வாடகை இரண்டு மடங்கு ஆகும், சில இடங்களில் அதற்கும் மேல். ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான் புத்தாண்டு. பஸ், ரயில் டிக்கெட் முன்கூட்டியே தீர்ந்துவிடும். டிசம்பர் முதல் இரண்டு வாரம், பிப்ரவரி, மார்ச் முதல் பாதி ஆகியவையே எங்கள் தேர்வு.

2. தேதி போடும் முன் அமாவாசை, பௌர்ணமி பாருங்கள்

பெரும்பாலானவர்கள் தாண்டிப் போய்விடும் படி இது. இந்தக் கரையில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிறது. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். மறுநாள் அதே நிலை ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் பெரிதாக இருக்கும். அவை கழிந்து ஓரிரு நாளில் உச்சத்தைத் தொடும். அஷ்டமி, நவமி கழிந்த நாட்களில் வித்தியாசம் மிகக் குறைவு. வீட்டில் தொங்கும் தினசரி நாட்காட்டியே முதல் கணக்குக்குப் போதும். துல்லியமான நேரத்துக்கு ‘கிராபி’ என்று தேடினால் கிடைக்கும் ஓத அட்டவணையைப் பாருங்கள்.

இதனால் என்ன மாறும்? துப் தீவையும் அதன் பக்கத்துத் தீவுகளையும் இணைக்கும் மணல்திட்டு, ‘தலே வேக்’, கடல் நன்றாக இறங்கும்போதுதான் வெளியே தெரியும். அஷ்டமி, நவமி பக்கம் போனால் இறக்க நேரத்திலும் அது தண்ணீருக்குள்ளேயே இருக்கலாம். மணல்திட்டில் நடக்க ஆசை என்றால் அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டி வாருங்கள்.

ஸ்நார்க்கெலிங்தான் (மூச்சுக்குழாய் வைத்து மிதந்தபடி நீருக்குள் பார்ப்பது) முக்கியம் என்றால் கணக்கு மாறும். பெரிய ஏற்ற இறக்கம் நீரோட்டத்தை வேகமாக்கி அடியிலுள்ள மணலைக் கிளப்பிவிடும், தண்ணீர் கலங்கும். சிறிய ஏற்ற இறக்க நாட்களில் மீன்கள் தெளிவாகத் தெரியும். இரண்டும் ஒரே நாளில் உச்சமாகக் கிடைக்காது. எது வேண்டும் என்பதை இருவரும் வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். படகுத்துறையில் நின்று அதை விவாதித்தால் அரை நாள் போய்விடும்.

3. நான்கு இரவு போதும், ஒரு நாளைக் காலியாக விடுங்கள்

வந்து சேரும் நாள், ரைலே நாள், தீவு நாள், காலி நாள், ஐந்தாம் நாள் காலையில் புறப்பாடு. இந்த அமைப்பு இருவருக்கும் அலுக்காது. காலி நாளை வீண் என்று நினைக்காதீர்கள். காற்று அடித்துத் தீவுப் படகு ரத்தானால் அந்த நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம். இரண்டே இரவு போட்டு வந்து, மழையில் ஒரு நாளை இழந்தவர்கள் ரூமிலிருந்தே ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

4. ஆவணம், பணம்: எல்லாவற்றையும் இரண்டாகப் பிரியுங்கள்

பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும். 2024 ஜூலையில் இந்தியர்களுக்கு 60 நாள் விசா இல்லா அனுமதி தொடங்கியது. இந்த நாள் கணக்கு அடிக்கடி மறுபரிசீலனைக்கு வருவதால் டிக்கெட் போடும் முன் தாய் தூதரகப் பக்கத்தில் அன்றைய நிலையைப் பாருங்கள். திரும்பும் டிக்கெட்டையும் கையில் போதுமான பணத்தையும் குடிவரவு மேசையில் காட்டச் சொல்லலாம். இரண்டையும் தயாராக வைத்திருங்கள்.

2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். தரையிறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். ஆளுக்கு ஒரு பதிவு தேவை. ஒருவர் நிரப்பினால் இருவருக்கும் சேராது. கட்டணம் எதுவும் கிடையாது. பணம் கேட்கும் தளம் கண்ணில் பட்டால் அது குடிவரவுத் துறையின் தளம் அல்ல, உடனே மூடிவிடுங்கள்.

வெளிநாட்டு அட்டைக்கு ஏடிஎம் ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்கு மேல் பிடிக்கும். அடிக்கடி சின்னத் தொகையாக எடுப்பதை விட ஒரே முறை பெரிய தொகையாக எடுங்கள். திரையில் ‘உங்கள் நாட்டுப் பணத்தில் மாற்றிக் கணக்கிடட்டுமா’ என்று ஒரு கேள்வி வரும். வேண்டாம் என்று அழுத்துங்கள். ஒப்புக்கொண்டால் இயந்திரம் தனக்குப் பிடித்த விகிதத்தைப் போட்டுக்கொள்ளும்.

டாலர் கொண்டு வந்தால் கிழியாத, எழுத்துப் படாத 100 டாலர் தாள்களாக இருக்கட்டும். சின்னத் தாளுக்கு விகிதம் குறைவு, கிழிந்ததை வாங்க மாட்டார்கள். மாற்றும்போது பாஸ்போர்ட் கேட்பார்கள்.

ஒருவர் பையில் ஒரு வங்கி அட்டையும் பாதி ரொக்கமும், மற்றவர் பையில் இன்னொரு அட்டையும் மீதியும் இருக்கட்டும். பாஸ்போர்ட் நகலை மட்டும் மாற்றி வையுங்கள்: அவருடையது உங்களிடம், உங்களுடையது அவரிடம். ஒரு பை தொலைந்தால் பயணம் அங்கேயே நிற்காமல் இருக்க இது ஒன்றுதான் வழி.

5. பை: ஆளுக்கு 40 லிட்டர், அதற்கு மேல் வேண்டாம்

படகில் ஏற முழங்கால் தண்ணீரில் நடக்க வேண்டும். சக்கரம் வைத்த சூட்கேஸ் மணலில் உருளாது, தண்ணீரில் மிதக்காது. முதுகுப்பையே சரி.

இருவருக்கும் சேர்த்து ஒன்று போதும் என்பவை: சோப்பு, பற்பசை, மருந்துப் பை, சார்ஜர் பலகை, துணி காயப்போடும் கயிறு. ஆளுக்கு ஒன்று கட்டாயம் என்பவை: 10 லிட்டர் நீர்புகாப் பை, முழுக்கை நீச்சல் சட்டை, ஓரம் கிழியாத ரப்பர் செருப்பு அல்லது கடல் ஷூ. நீர்புகாப் பையை ஆவ் நாங்கிலேயே வாங்கினால் 200 பாட் பக்கம் ஆகும். முன்கூட்டியே சுமக்க வேண்டியதில்லை.

முழுக்கைச் சட்டையை விட்டுவிட்டு வராதீர்கள். ஸ்நார்க்கெலிங்கில் முகம் தண்ணீருக்குள், முதுகு முழுக்க வெயிலில். வெந்துபோன முதுகில் அடுத்த நாள் பைப்பட்டை உரசும்போதுதான் அதன் அருமை தெரியும்.

ஆக்சிபென்சோன், ஆக்டினாக்ஸேட், 4-மெதில்பென்சிலிடீன் கேம்ஃபர், ப்யூட்டைல்பாரபென் ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலும் அந்த சன்ஸ்கிரீனைக் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் கொண்டுபோகவோ பூசவோ 2021 முதல் தடை. பவளத்தைக் கெடுப்பதுதான் காரணம். டியூபின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். இ-சிகரெட் இந்த நாட்டில் சட்டவிரோதம். பையில் இருந்தால் வீட்டிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.

மின்சாரம் 220 வோல்ட். நம் இரண்டு முள் சார்ஜர் நேராகச் செருகும். தடித்த மூன்று முள் செருகாது.

6. வந்து சேருங்கள்

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு பாங்காக் வழி எளிது. அங்கிருந்து கிராபிக்கு உள்நாட்டு விமானம் சுமார் ஒன்றே கால் மணி நேரம். மலிவு டிக்கெட்டில் பெட்டி எடை சேராது. 7 கிலோ கைப்பைக்குள் அடக்கினால்தான் அது மலிவு. பாங்காக்கில் இரண்டு விமான நிலையங்கள், சுவர்ணபூமியும் டான் முவாங்கும். ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏற வேண்டியிருந்தால் நடுவே குறைந்தது ஐந்து மணி நேரம் விடுங்கள்.

ரயிலில் வர விரும்பினால் பாங்காக்கின் குருங் தெப் அபிவாத் நிலையத்திலிருந்து இரவுத் தூங்கும் பெட்டியில் சூரத் தானிக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடியுங்கள். ஒரு இரவு ரூம் வாடகை மிச்சம். இரண்டாம் வகுப்பில் கீழ்ப்படுக்கை அகலம், மேல்படுக்கை விலை குறைவு. சூரத் தானி ரயில் நிலையம் ஊருக்குள் இல்லை, புன்பின் என்ற பக்கத்து ஊரில் இருக்கிறது. ரயிலும் பஸ்ஸும் சேர்த்து ஒரே டிக்கெட்டாக வாங்கினால் நிலைய வாசலிலேயே ஏறிக்கொள்ளலாம்.

மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்குக் கோலாலம்பூர்–கிராபி நேரடி விமானம் உண்டு. பினாங்கிலிருந்து வேனில் வந்தால் ஹாட் யாயில் வண்டி மாற வேண்டும், ஒரு முழுப் பகல் ஆகும். எல்லை தாண்டியதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வையுங்கள். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் ஒன்றரை மணி நேரம் முன்னால் வைக்க வேண்டும். ஃபோன் தானாக மாற்றிக்கொள்ளும். கைக்கடிகாரத்தை நம்பித்தான் பஸ்ஸை விடுகிறார்கள்.

கிராபி விமான நிலையத்தில் வெளியே வந்ததும் டாக்சிக் கவுண்டரும் ஷட்டில் பஸ் கவுண்டரும் அருகருகே இருக்கும். ஷட்டில் பஸ் ஆவ் நாங்குக்கு ஆளுக்கு 150 பாட். டாக்சி 600 பக்கம். இருவராக இருந்தால் பஸ்தான் லாபம். நால்வர் சேர்ந்தால் டாக்சி அதே கணக்கு, நேரமும் மிச்சம். பஸ்ஸில் ஏறும்போது ஓட்டல் பெயரைத் தாய் எழுத்தில் திரையில் காட்டுங்கள். ஓட்டுநர் பெரும்பாலும் ஓட்டல் பக்கத்திலேயே இறக்கிவிடுவார்.

கிராபி நகரத்திலிருந்து வந்தால் வெள்ளை நிற சொங்தேவ், அதாவது இரண்டு பக்கம் பெஞ்சு போட்ட வண்டி, பகலில் ஆளுக்கு 60 பாட். இறங்கிய பிறகுதான் காசு. கூரையில் இருக்கும் மணியை அழுத்தினால் நிற்கும்.

7. ரூம்: முதல் இரண்டு இரவுக்கு மட்டும் போடுங்கள்

டிசம்பர் உச்ச நாட்களைத் தவிர, நான்கு இரவையும் முன்கூட்டியே கட்ட வேண்டாம். சத்தம், ஈர வாடை, தண்ணீர் அழுத்தம் எதுவும் படத்தில் தெரியாது. பிடித்திருந்தால் வரவேற்பு மேசையில் பேசி நீட்டிக்கலாம். நேரடி விலை சில நேரம் குறைவாகவே இருக்கும்.

தங்கும் விடுதியில் ஒரு படுக்கை 300 முதல் 400 பாட். இருவருக்கு அது 600 முதல் 800. அதே காசுக்கு, சீசன் உச்சமில்லாத நாளில், தனி ரூம் கிடைக்கும். ஜோடியாக வருகிறவர்களுக்கு விடுதிப் படுக்கை லாபமே இல்லை. ஏசி, வெந்நீர், ஜன்னல் உள்ள சாதாரண ரூம் 800 முதல் 1,500 வரை.

ஜன்னல் இல்லாத ரூமை எவ்வளவு மலிவானாலும் எடுக்காதீர்கள். கடலிலிருந்து வரும் ஈரத்துணி அதில் காயாது, இரண்டாம் நாளே பை முழுக்கப் பூஞ்சை வாடை ஏறும். பால்கனி இருந்தால் 100 பாட் கூடக் கொடுக்கலாம்.

இடம் பற்றி ஒரு கணக்கு. கடற்கரைச் சாலையில் விலை அதிகம், பக்கத்து மதுக்கடைச் சந்துகளில் இரவு இரண்டு மணி வரை சத்தம். உள்பக்கம் ஏறும் பெரிய சாலையில் 10 நிமிட நடைத் தூரத்தில் விலை இறங்கும், தூக்கமும் வரும். மேற்கே நோப்பரத் தாரா பக்கம் இன்னும் அமைதி. பீ பீ, லந்தா தீவுகளுக்குப் படகுகள் கிளம்பும் துறையும் அங்கேதான்.

பாஸ்போர்ட் விவரத்தைப் பதிவு செய்வது அங்கே சட்டம். காட்டிவிட்டுக் கையோடு திரும்ப வாங்குங்கள். திருமணச் சான்றிதழ் எதுவும் யாரும் கேட்பதில்லை. சாவி முன்பணம் கேட்டால் ரசீது வாங்குங்கள்.

8. வந்த மாலையே மூன்று வேலை

முதலில் கடற்கரைக்கு நடந்து போய் லாங்டெயில் படகு (நீண்ட என்ஜின் தண்டு வைத்த உள்ளூர் மரப்படகு) டிக்கெட் கூண்டைப் பாருங்கள். விலைப் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, அடுத்த நான்கு நாளின் ஏற்ற இறக்க நேரத்தை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது, தீவு டூர் விலையை இரண்டு மூன்று ஏஜென்சியில் கேளுங்கள், அன்றே பணம் கட்டாதீர்கள். வானிலை பார்த்து முந்தைய நாள் மாலை கட்டினால் போதும்.

9. ரைலே நாள்

ரைலேக்குச் சாலை கிடையாது. செங்குத்துப் பாறை சுற்றி வளைத்திருப்பதால் படகு ஒன்றே வழி. ஆளுக்கு ஒருவழி 100 பாட். மாலை 6 மணிக்கு மேல் 150. படகு நிறைய ஆறு முதல் எட்டுப் பேர் சேர வேண்டும். காலை எட்டரைக்கு வந்தால் கூட்டம் தானாகச் சேரும். மதியம் மூன்று மணிக்கு வந்தால் காத்துக்கிடக்க வேண்டும், அல்லது காலி இருக்கைகளுக்கும் நீங்களே காசு கொடுக்க வேண்டும்.

ஏறும் முறையைக் கவனியுங்கள். செருப்பைக் கழற்றி நீர்புகாப் பையில் போடுங்கள். பையை முதுகிலிருந்து இறக்கி முன்பக்கம் மாட்டுங்கள். ஒருவர் ஏணியில் ஏறிய பிறகு மற்றவர் பையை எடுத்துக் கொடுக்கட்டும். அலை ஒன்று வந்து படகைத் தூக்கி இறக்கும். அது இறங்கிய நொடியில் கால் வையுங்கள். முன்முனையில் வண்ணத் துணியும் பூமாலையும் கட்டியிருக்கும். அது படகைக் காக்கும் தெய்வமான மே யா நாங்குக்கு உரியது. அதன் மேல் காலோ ஈரத்துண்டோ படக்கூடாது. நடுவில் உட்காருங்கள். முன்னால் உட்கார்ந்தால் தண்ணீர் அடிக்கும், பின்னால் என்ஜின் சத்தம் காதைக் கிழிக்கும்.

வரிசை முக்கியம்: முதலில் ப்ரா நாங் கடற்கரை, கடைசியில் ரைலே மேற்கு. ப்ரா நாங்குக்கு டூர் படகுகள் பத்து மணிக்கு மேல் குவியும். அதற்கு முன் போனால் குகைக் கோயிலும் பாறையும் அமைதியாக இருக்கும். குகையில் மீனவர்கள் கடல் தேவதைக்கு வைத்த மரக் காணிக்கைகள் இருக்கும். நீச்சலுடையோடு அதன் முன் வேடிக்கைப் படம் எடுப்பதைத் தவிருங்கள்.

ப்ரா நாங்குக்கும் ரைலே கிழக்குக்கும் நடுவே உள்ள நடைபாதையில்தான் காட்சிமுனைக்கும் குளத்துக்கும் ஏறும் வழி. அது படிக்கட்டு அல்ல. செம்மண் சரிவில் கயிற்றைப் பிடித்து ஏறுவது. முந்தைய இரவு மழை பெய்திருந்தால் ஏறாதீர்கள், இறங்கும்போதுதான் வழுக்கும். காட்சிமுனை வரை பெரும்பாலானவர்களால் முடியும். குளத்துக்கு இறங்கும் பகுதி நிஜமாகவே செங்குத்து. இருவரில் ஒருவருக்குத் தயக்கம் இருந்தாலும் காட்சிமுனையோடு திரும்பிவிடுங்கள்.

ரைலே கிழக்கு சதுப்புக்காட்டுக் கரை, குளிக்க ஏற்றதல்ல. நடந்து மேற்குப் பக்கம் வந்து அங்கே குளியுங்கள். சாப்பாடும் தண்ணீரும் ரைலேயில் விலை அதிகம், 1.5 லிட்டர் புட்டி இரண்டை ஆவ் நாங்கிலேயே வாங்கி வாருங்கள்.

திரும்பும் டிக்கெட் சேர்த்து வாங்கியிருந்தால் அந்தத் துண்டுச் சீட்டை நனைய விடாதீர்கள். ஐந்தரைக்குள் படகுத்துறைக்கு வந்துவிடுங்கள். சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டுத்தான் வருவோம் என்றால் கூடுதல் கட்டணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மேற்குக் கரையில் அலை பலமாக இருந்தால் படகுகள் ஆவ் நாம் மாவ் துறையிலிருந்து ரைலே கிழக்குக்கு ஓடும்.

10. தீவு நாள்

நான்கு தீவு டூர் என்றால் போடா, கோ காய், துப் தீவுகளும் ப்ரா நாங் கடற்கரையும். லாங்டெயிலில் ஆளுக்கு 400 முதல் 600, ஸ்பீடு போட்டில் 900 முதல் 1,200. தீவுகள் பக்கத்திலேயே இருப்பதால் ஸ்பீடு போட் தேவையில்லை. பீ பீ தீவுக்குப் போவதானால் மட்டும் அது நேரத்தை மிச்சப்படுத்தும்.

விலை கேட்கும்போதே தேசியப் பூங்காக் கட்டணம் சேர்ந்ததா என்று கேளுங்கள். பெரும்பாலும் சேராது. இந்தத் தீவுகள் இருக்கும் ஹாட் நோப்பரத் தாரா–மு கோ பீ பீ பூங்காவில் வெளிநாட்டுப் பெரியவருக்கு 400 பாட், இருவருக்கு 800. டூர் விலைக்கே இது ஒரு மடங்கு சேர்ந்த மாதிரி. ரொக்கமாக எடுத்துச் செல்லுங்கள். ஹாங் தீவு வேறு பூங்காவில் வருகிறது, அங்கே 300.

இரண்டாவது கேள்வி: துப் தீவுக்கு எத்தனை மணிக்குப் போவார்கள்? முதல் நாள் மாலை எழுதி வைத்த தாளை எடுங்கள். இறக்க நேரத்துக்கு ஒரு மணி முன்போ பின்போ அங்கே இருந்தால் மணல்திட்டு கிடைக்கும். காலை டூர், மதிய டூர் என இரண்டு இருந்தால் பொருந்துவதை எடுங்கள். ‘எப்போதும் தெரியும்’ என்று ஏஜென்சி சொன்னால் நம்பாதீர்கள்.

தனிப் படகு அமர்த்த வழி உண்டு. தூரமும் நேரமும் பொறுத்து 2,000 முதல் 3,000 பாட், படகுக்குத்தான் வாடகை, ஆளுக்கு அல்ல. இருவருக்கு மட்டும் அது கனம். ரூமிலோ விடுதியிலோ இன்னொரு ஜோடியைச் சேர்த்துக்கொண்டால் டூர் விலைக்கு அருகில் வந்துவிடும், நேரத்தையும் நீங்களே வைக்கலாம். எங்களைக் கேட்டால் இதுதான் சிறந்த வழி.

11. ஸ்கூட்டர் எடுப்பதானால்

காலி நாளில் ஸ்கூட்டர் எடுக்கப் பலருக்கும் ஆசை வரும். வாடகை நாளுக்கு 200 முதல் 300. இந்திய லைசென்ஸ் மட்டும் போதாது, சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும். ஆர்டிஓ அலுவலகத்தில் படிவம் 4ஏ கொடுத்து, 1,000 ரூபாய் கட்டினால் ஒரு வருடத்துக்குக் கிடைக்கும். அதில் இருசக்கர வாகனப் பிரிவில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். காருக்கு மட்டும் இருந்தால் விபத்து நேரத்தில் பயணக் காப்பீடு கைவிரித்துவிடும். மலேசிய, சிங்கப்பூர் லைசென்ஸ் ஆசியான் ஒப்பந்தப்படி செல்லும்.

பாஸ்போர்ட்டை அடமானமாகக் கொடுக்காதீர்கள். நகலும் 2,000 அல்லது 3,000 பாட் முன்பணமும் வாங்கும் கடைக்குப் போங்கள். கிளம்பும் முன் கடைக்காரர் கண் முன்னாலேயே வண்டியைச் சுற்றி வீடியோ எடுங்கள்: கண்ணாடி, சக்கர விளிம்பு, அடிப்பகுதி. திருப்பித் தரும்போது வரும் தகராறு எல்லாமே பழைய கீறலைப் பற்றியதுதான். இருவரும் ஹெல்மெட் போட வேண்டும், பின்னால் இருப்பவரும்தான்.

12. சாப்பாடு, சைவர்களுக்கு முக்கியமாக

கறி இல்லை என்று சொன்னால் மட்டும் இங்கே சைவம் ஆகிவிடாது. பச்சைக் குழம்பின் விழுதில் இறால் கூழ், சோம் தம் என்ற பப்பாளிக்காய் சாலட்டில் உலர்ந்த இறால், பாட் தாய் என்ற வறுத்த நூடுல்ஸில் மீன் சாறு. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் ‘ஜே’ என்று போட்ட கடை முழுச் சைவம். பூண்டு, வெங்காயம் கூட இருக்காது. மற்ற கடையில் ‘கின் ஜே’ என்று தொடங்கி, ‘மை சை நாம் ப்லா’ (மீன் சாறு வேண்டாம்), ‘மை சை கபி’ (இறால் கூழ் வேண்டாம்) என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். பெண்கள் முடிவில் ‘கா’, ஆண்கள் ‘க்ராப்’ சேர்த்தால் மரியாதை.

உள்ளூரில் முஸ்லிம் மக்கள் அதிகம், ஹலால் கடைக்குக் குறைவே இல்லை. ஊருக்குள் நடக்கும்போது நீச்சலுடை மேல் ஒரு சட்டை போட்டுக்கொள்வது அவர்களுக்குக் காட்டும் மரியாதை. இந்திய ஓட்டல்களும் நிறைய உண்டு, ஆனால் தாய் கடையை விட இரண்டு மடங்கு விலை. வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளில் கிராபி நகரத்தில் நடைச்சந்தை உண்டு. திரும்பும் சொங்தேவ் இரவில் குறைந்துவிடும், கடைசி வண்டி நேரத்தை இறங்கும்போதே கேளுங்கள்.

13. கடலில் அடிபட்டால்

சிவப்புக் கொடி பறந்தால் முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம். ஜெல்லிமீன் கொட்டினால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். இரண்டும் விஷத்தை இன்னும் வெளியேற்றும். கரையில் கம்பத்தில் வினிகர் புட்டி வைத்திருப்பார்கள், அதைக் குறைந்தது 30 விநாடி தொடர்ந்து ஊற்றுங்கள். மூச்சுத் திணறினால் 1669க்கு அழையுங்கள். சுற்றுலாக் காவல்துறை எண் 1155.

உங்கள் கையில் பிளாஸ்டிக் பையைப் பார்த்தால் குரங்கு அதை உணவு என்றே நினைக்கும். கடித்தாலோ கீறினாலோ சோப்புத் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரியில் வெறிநாய்க்கடி ஊசியைத் தொடங்குங்கள். ஊருக்குப் போய்ப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

14. கிளம்பும் நாள்

அடுத்த ஊர் லந்தாவோ பீ பீயோ, டிக்கெட்டை முந்தைய நாள் மதியத்துக்குள் வாங்குங்கள். விலையில் ரூம் வாசலில் ஏற்றிக்கொள்வதும் சேர்ந்திருக்கும். சீட்டில் எட்டரை என்று எழுதியிருந்தால் வேன் எட்டு முதல் ஒன்பதுக்குள் எப்போது வேண்டுமானாலும் வரும். இருவரில் ஒருவர் வாசலிலேயே நிற்கட்டும். சட்டையில் ஒட்டும் வண்ணத் துண்டு கொடுப்பார்கள், எந்தப் படகு என்பதற்கு அதுதான் அடையாளம், இறங்கும் வரை கிழிக்காதீர்கள்.

விமானம் என்றால் மூன்றரை மணி நேரம் முன்பே ரூமை விட்டுவிடுங்கள். சாவி முன்பணத்தையும் ஸ்கூட்டர் முன்பணத்தையும் முந்தைய இரவே வாங்கிவிடுவது நல்லது. அதிகாலையில் வரவேற்பு மேசையில் இருக்கும் ஊழியரிடம் பெரும்பாலும் பணப்பெட்டிச் சாவி இருக்காது.